கல்லறை முன் அழுதால் போதுமா?

தவக்கால ஞானப் பாடம்



தவக்காலம் வந்துவிட்டால் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னே வரிசை நீளும். பிரசங்கங்களில் மன்னிப்பைப் பற்றி அதிகம் பேசப்படும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்கிலே தவக்காலத் தியானம் கொடுக்கச் சென்றிருந்தேன். ஏழு முறை அல்ல, எழுபது தடவை ஏழு முறை மன்னிக்க வேண்டும் என்று ஆண்டவர் இராயப்பருக்குச் சொன்ன வசனத்தை எடுத்து ஒரு மணி நேரம் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்ற திருப்தியோடு கோவிலை விட்டு இறங்கியபோது, தூணோரம் ஒரு வயோதிபத் தாய் செபமாலையோடு காத்து நின்றார். யுத்தகாலத்தில் அவருடைய மகனைக் கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. "மன்னிக்கச் சொல்லுறியள் சுவாமி. ஆரை மன்னிக்கிறது? ஒருத்தரும் வந்து கேக்கேல்லையே" என்றார்.

என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. "செபம் பண்ணுங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. இன்றைய பாடம் அந்தத் தாய்க்கு நான் பிந்திக் கொடுக்கும் மறுமொழி. அதைச் சொல்வதற்கு உங்களை முதலில் வெகு தூரம், தாய்லாந்து நாட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

1. மரணப் பாதை

இரண்டாம் உலக யுத்தத்தில் 1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. பிரித்தானிய, அவுஸ்திரேலிய, இந்தியப் படையினர் பல்லாயிரவர் கைதிகளாயினர். அப்போது பர்மாவில் போரிட்ட தன் சேனைக்குத் தளபாடங்களை அனுப்ப யப்பானுக்கு ஒரு தரைவழி தேவைப்பட்டது. கடல்வழி ஆபத்து நிறைந்ததாயிருந்தது. ஆகவே தாய்லாந்தின் பான்பொங் என்ற இடத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை, 415 கிலோமீற்றர் தூரத்துக்கு, காட்டையும் மலையையும் ஊடறுத்து ஒரு புகையிரதப் பாதை போட முடிவு செய்தனர். 1942இல் தொடங்கிய வேலை 1943 ஒக்டோபரில் முடிந்தது.

இந்த வேலையில் 60,000க்கு மேற்பட்ட யுத்தக் கைதிகள் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களில் 12,000க்கு மேற்பட்டோர் பசியாலும், வாந்திபேதியாலும், மலேரியாவாலும், அடியாலும் மாண்டனர். பெரிய யந்திரங்கள் இல்லை. மனிதருடைய கைகளும் தோள்களுமே யந்திரங்களாயின. 1943இல் மழைக்காலத்தோடு வந்த கொலரா, முகாம் முகாமாக மனிதரை வாரிச் சென்றது.

தமிழராகிய நாம் மறக்கக்கூடாத ஒன்றும் இங்கே உண்டு. கைதிகளிலும் பார்க்கப் பன்மடங்கு தொகையான ஆசியத் தொழிலாளரும் அங்கே கொண்டு செல்லப்பட்டனர். பர்மியர், யாவானியர், மலாயர், சீனர் ஆகியோருடன் மலாயாவின் இறப்பர் தோட்டங்களிலிருந்து பெருந்தொகைத் தமிழரும் சென்றனர். நல்ல சம்பளம், சில மாத வேலை என்று சொல்லிச் சிலரை ஏற்றினார்கள். பலரைப் பிடித்தே ஏற்றினார்கள். கைதிகளிடையே இராணுவ வைத்தியர்கள் இருந்தனர். கணக்கு எழுதி வைக்க அதிகாரிகள் இருந்தனர். நம்மவருக்கு இரண்டும் இல்லை. ஆசியத் தொழிலாளரில் இறந்தோர் தொகை 90,000 வரை இருக்கும் என மதிப்பிடுவோர் உண்டு. அதற்கும் மேல் என்போரும் உண்டு. இவர்களைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

2. இரண்டு மனிதர்கள்

கைதிகளுள் ஒருவர் எரிக் லோமக்ஸ். ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரத்தவர். 1919இல் பிறந்தவர். பிரித்தானியப் படையின் தந்தி சமிக்ஞைப் பிரிவில் அதிகாரி. சிறு வயது முதலே புகையிரதங்களில் அளவற்ற பிரியம் உள்ளவர். அப்படிப்பட்ட ஒருவர் மரணப் புகையிரதப் பாதையிலே கைதியானார்.

காஞ்சனாபுரி என்ற ஊரில் இருந்த முகாமில், வெளியுலகச் செய்தி கேட்பதற்காக இவரும் தோழர்களும் இரகசியமாக ஒரு வானொலிப் பெட்டியை அமைத்தனர். 1943இல் அது பிடிபட்டது. சம்பந்தப்பட்டவர்களை இரவிரவாகக் கோடரிப் பிடிகள் கொண்டு அடித்தார்கள். இருவர் இறந்தனர். லோமக்ஸின் கைகளும் விலா எலும்புகளும் முறிந்தன. அதற்குமேல், அவர் வரைந்து வைத்திருந்த ஒரு வரைபடமும் அகப்பட்டது. கெம்பெய்தாய் எனப்பட்ட இராணுவப் பொலிஸார் நாட்கணக்கில் விசாரித்தனர். முறிந்த கைகளோடு அவரை மல்லாத்திக் கட்டி, மூக்கிலும் வாயிலும் தண்ணீரை ஊற்றி மூச்சுத் திணறச் செய்தனர். பின்னர் இராணுவ நீதிமன்றம் ஐந்து வருடச் சிறை விதிக்க, சிங்கப்பூரின் ஊட்ரம் வீதிச் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

அந்த விசாரணை அறையில் சிறிய உருவமுடைய இளைஞர் ஒருவர் இருந்தார். பெயர் நகசே தகாஷி. அவர் மொழிபெயர்ப்பாளர். அடித்ததும் தண்ணீர் ஊற்றியதும் அவரல்ல. ஆனால் கேள்விகளையும் மிரட்டல்களையும் ஆங்கிலத்தில் சொன்னது அவருடைய வாய். ஆகவே லோமக்ஸின் காதிலே ஐம்பது வருடம் ஒலித்துக்கொண்டிருந்ததும் அந்த ஒரு குரல்தான். அடித்தவர்களின் முகங்கள் மங்கிப்போயின. மொழிபெயர்த்தவரின் முகம் மங்கவில்லை.

1945இல் யுத்தம் முடிந்தது. லோமக்ஸ் வீடு திரும்பியபோது தாயார் இறந்துவிட்டிருந்தார். தனக்கு நடந்ததை எவரிடமும் சொல்ல முடியவில்லை. முதல் விவாகம் முறிந்தது. இரவில் கனவுகள், பகலில் மௌனம், திடீர்க் கோபம். அந்த மொழிபெயர்ப்பாளனை ஒரு நாள் கண்டால் என்ன செய்வது என்ற எண்ணமே உள்ளே வளர்ந்தது.

நகசேயின் கதை வேறு. யுத்தம் முடிந்த சில வாரங்களுக்குள், நேச நாட்டுக் குழுவொன்று பாதை நெடுகச் சென்று இறந்த கைதிகளின் புதைகுழிகளைத் தேடியது. அதற்கு மொழிபெயர்ப்பாளராக நகசேயைக் கூட்டிச் சென்றார்கள். காட்டுக்குள்ளே குழி குழியாகக் கண்டபோதுதான், தன் நாடு செய்தது என்ன என்பது அவருக்கு முழுமையாக விளங்கியது. அந்த நாட்கள் அவரை விடவில்லை. அன்று நீர்ச் சித்திரவதைக்குள்ளான ஒரு பிரித்தானியக் கைதியின் கதறலும் அவரை விடவில்லை.

3. கல்லறையில் கிடைத்த ஆறுதல்

1960களின் முற்பகுதியில், வெளிநாடு செல்ல யப்பானியருக்கு வாய்ப்புக் கிடைத்தவுடன், நகசே மனைவியோடு காஞ்சனாபுரிக்குப் போனார். அங்கே யுத்தக் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. நடுவே நிற்கும் சிலுவையின் அடியில் மலர்வளையம் வைத்துக் கைகூப்பி நின்றார். அந்த நேரத்தில் தன் பாவம் மன்னிக்கப்பட்டதென்று தன் உள்ளத்தில் உணர்ந்ததாகப் பின்னர் எழுதினார்.

அவர் அதோடு நின்றுவிடவில்லை. நூறு தடவைக்கு மேல் தாய்லாந்து சென்றார். 1976இல் முன்னாள் கைதிகளும் யப்பானிய வீரர்களும் குவாய் ஆற்றுப் பாலத்தில் சந்திக்க ஏற்பாடு செய்தார். 1986இல் பாலத்தின் அருகே சமாதானத்துக்காக ஒரு பௌத்த ஆலயம் அமைத்தார். தாய்லாந்துப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவினார். யப்பானில் பலர் அந்த யுத்தத்தைப் பற்றிப் பேச விரும்பாத காலத்தில், நாங்கள் செய்தது தவறு என்று பகிரங்கமாகப் பேசினார், எழுதினார்.

1989இல் நகசேயைப் பற்றிய ஒரு பத்திரிகைச் செய்தி, படத்தோடு, லோமக்ஸின் கைக்கு வந்தது. முகத்தைப் பார்த்தவுடனே அறிந்துகொண்டார். அதன் பின் நகசேயின் சிறு நூலும் கிடைத்தது. வரைபடம் வைத்திருந்த கைதியைச் சித்திரவதை செய்த வரலாறு அதில் இருந்தது. அந்தக் கைதி தானே! கல்லறை முன் நின்றபோது தான் மன்னிக்கப்பட்டதாக உணர்ந்தேன் என்ற இடமும் அதில் இருந்தது.

இதை வாசித்த திருமதி லோமக்ஸ் கோபம் கொண்டார். 1991இல், கணவரின் சம்மதத்தோடு, நகசேக்கு ஒரு கடிதம் எழுதினார். நீங்கள் குறிப்பிடும் அந்தக் கைதி உயிரோடிருக்கிறார், அவர் என்னுடைய கணவர், அவர் இன்னும் உங்களை மன்னிக்காதிருக்கும்போது நீங்கள் மன்னிக்கப்பட்டதாக எப்படி உணர முடியும் என்பதே அந்தக் கடிதத்தின் கருத்து.

வாசகர்களே, இந்தக் கேள்வியை இலேசாகத் தாண்டிப் போகாதீர்கள். நாமும் பலமுறை நகசேயைப் போலவே செய்கிறோம். அயலவனுக்கு அநியாயம் செய்துவிட்டுச் சுரூபத்தின் முன் மெழுகுதிரி ஏற்றுகிறோம். சகோதரனுடைய காணியைப் பிடித்து வைத்துக்கொண்டு மடுமாதா கோவிலுக்கு நேர்த்தி வைக்கிறோம். கண்ணீர் வருகிறது, மனம் இலேசாகிறது. ஆனால் அந்த அயலவன், அந்தச் சகோதரன், அங்கே அப்படியே இருக்கிறான்.

4. பாலத்தில் சந்திப்பு

நகசே தப்பிக்க முயலவில்லை. அந்தக் கடிதம் தன் இதயத்தைக் குத்தியதென்றும், அந்தக் கைதியைச் சந்திக்க விரும்புவதாகவும் மறுமொழி எழுதினார். அந்தப் பணிவான கடிதத்தை வாசித்தபோது திருமதி லோமக்ஸின் கோபம் தணிந்தது. லோமக்ஸுக்கோ இன்னும் காலம் வேண்டியிருந்தது. சித்திரவதைக்குள்ளானோருக்கு உதவும் இலண்டன் நிலையமொன்றில், முதற் தடவையாகத் தனக்கு நடந்ததை வாய்விட்டுச் சொல்லப் பழகினார்.

1993இல், சம்பவம் நடந்து ஐம்பது வருடம் கழித்து, இருவரும் காஞ்சனாபுரியில் ஆற்றங்கரையில் சந்தித்தனர். இருவரும் எழுபது வயதைத் தாண்டியவர்கள். நகசே நடுங்கிக்கொண்டு குனிந்து வணங்கினார். அழுதுகொண்டே திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். பழிவாங்கும் எண்ணத்தோடு அரை நூற்றாண்டைக் கழித்த லோமக்ஸ், நடுங்கிய அந்த வயோதிபரின் கையைப் பிடித்துத் தேற்ற வேண்டியவரானார்.

அப்போதும் லோமக்ஸ் மன்னிப்பை உடனே வாய்ப்பேச்சில் கொடுத்துவிடவில்லை. இருவரும் மனைவியரோடு யப்பானுக்குப் போனார்கள். ஒன்றாகப் பிரயாணம் செய்தார்கள், பேசினார்கள். கடைசியில் ரோக்கியோவில் ஒரு விடுதி அறையில், இருவரும் தனித்திருந்தபோது, தான் எழுதி வைத்திருந்த கடிதத்தை லோமக்ஸ் வாசித்துக் கொடுத்தார். 1943இல் நடந்ததை மறக்க முடியாது, ஆனால் உங்களை முற்றாக மன்னித்துவிட்டேன் என்பதே அதன் சாரம். அதன் பின் அவர்கள் நண்பர்களாகவே இருந்தனர். நகசே 2011இலும் லோமக்ஸ் 2012இலும் மறைந்தனர். இந்த வரலாற்றை லோமக்ஸ் 'புகையிரத மனிதர்' எனப் பொருள்படும் தலைப்பில் 1995இல் நூலாக வெளியிட்டார். 2013இல் அது திரைப்படமாகவும் வந்தது.

5. ஞானோபதேசம் என்ன சொல்கிறது?

பாவசங்கீர்த்தனத்துக்கு மூன்று காரியங்கள் வேண்டும் என்று திரிதெந்து பொதுச்சங்கம் போதித்தது. மனஸ்தாபம், பாவத்தை வெளியிடுதல், பரிகாரம் என்பன அவை. நகசே நம்முடைய வேதத்தவர் அல்லர், பௌத்தர். ஆனாலும் தேவ கட்டளை புறவினத்தாருடைய இதயத்திலும் எழுதப்பட்டிருக்கிறதென்று அர்ச். சின்னப்பர் உரோமருக்கு எழுதினாரல்லவா? இம்மூன்றும் இந்த மனிதரிடத்தில் எப்படி விளங்கின என்று பாருங்கள்.

மனஸ்தாபம்: புதைகுழிகளைக் கண்ட நாள் முதல் அவர் பாவத்தைக் குறைத்துக் காட்டவில்லை. "கட்டளைப்படி செய்தேன், நான் வெறும் மொழிபெயர்ப்பாளன்" என்று ஒதுங்கிக்கொள்ள அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. அவர் ஒதுங்கவில்லை.

வெளியிடுதல்: தன் ஊரவர் வெறுக்கக்கூடும் என்று தெரிந்தும் எழுதினார். ஆயினும் முப்பது வருடமாக அவர் சொல்லாமல் இருந்த இடம் ஒன்று உண்டு. அது தான் தீங்கு செய்த மனிதரின் செவி. அங்கே சொன்ன பின்தான் அவருடைய வெளியிடுதல் முழுமையடைந்தது.

பரிகாரம்: சக்கேயு என்ன செய்தார்? ஆண்டவர் தன் வீட்டுக்கு வந்த சந்தோஷத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுத்தார். ஏமாற்றியவர்களுக்கு நான்கு மடங்கு திருப்பிக் கொடுப்பேன் என்றார். ஏழைகளுக்குக் கொடுப்பது ஒன்று, ஏமாற்றப்பட்டவனுக்குக் கொடுப்பது இன்னொன்று. முதலாவது இரண்டாவதற்கு ஈடாகாது. நகசே ஆலயம் கட்டியது முதலாவது. பாலத்தில் வந்து நின்றது இரண்டாவது.

அப்படியானால் கல்லறை முன் அவர் பெற்ற ஆறுதல் பொய்யா? அப்படி நான் சொல்லமாட்டேன். உண்மையாக மனம் நொந்தவனைத் தேவன் தள்ளுவதில்லை. ஆனால் தேவன் கொடுக்கும் சமாதானம் பயணத்தின் முடிவு அல்ல. எழுந்து போவதற்கான பலம் அது. பீடத்தில் காணிக்கை வைக்க வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானமாகு என்று ஆண்டவர் சொல்கிறார் (மத்தேயு 5ஆம் அதிகாரம்). இந்த இடத்தில் எழுந்து போக வேண்டியவன் யார் என்று கவனியுங்கள். மனத்தாங்கல் பட்டவன் அல்ல. மனத்தாங்கலுக்குக் காரணமானவன்.

அதே மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் மற்றப் பக்கமும் இருக்கிறது. உன் சகோதரன் உனக்குக் குற்றம் செய்தால் நீ போய் அவன் குற்றத்தை அவனுக்கு எடுத்துச் சொல் என்கிறார். திருமதி லோமக்ஸ் எழுதிய கடிதம் இதுவேதான். அது அன்புக்கு மாறானதல்ல. அந்தக் கடிதம் எழுதப்படாதிருந்தால் நகசே கல்லறை முன்னேயே நின்றிருப்பார், லோமக்ஸ் தன் கனவுகளுக்குள்ளேயே இறந்திருப்பார். ஐந்தாம் அதிகாரமும் பதினெட்டாம் அதிகாரமும் பாதி வழியில் சந்தித்தபோதுதான் ஒப்புரவு பிறந்தது.

6. அடிக்காதவனின் பாவம்

பழைய ஞானோபதேசப் புத்தகங்களில் பிறருடைய பாவத்துக்குப் பங்காளியாகும் ஒன்பது வழிகள் சொல்லப்பட்டிருக்கும். ஆலோசனை சொல்லுதல், கட்டளையிடுதல், சம்மதித்தல், தூண்டுதல், புகழுதல், மறைத்தல், கூட நின்று உதவுதல், மௌனமாயிருத்தல், நடந்த தீமையை நியாயப்படுத்துதல் என்பன அவை. இப்போது பிள்ளைகள் இதைப் பாடமாக்குவதில்லை. யுத்தம் கண்ட ஒரு நாட்டுக்கு இதிலும் பார்க்க அவசியமான பாடம் வேறில்லை.

யுத்தத்தில் துப்பாக்கி பிடித்தவர்கள் சிலர். மற்றவர்கள் அந்த ஒன்பதில் ஏதோ ஒன்றில் இருந்தவர்கள். மொழிபெயர்த்தவர், பெயர் கொடுத்தவர், கைதட்டியவர், கண்டும் காணாதவர் என்று பலர். "நான் ஒருவரையும் கொல்லவில்லை" என்பது பாவசங்கீர்த்தனத்தில் முழு மறுமொழி ஆகாது.

மற்றவர்களுக்குச் சொல்லுமுன் எமக்கே சொல்லிக்கொள்வோம். 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் தங்கள் வீடுவாசல்களை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். பரம்பரை பரம்பரையாக எங்கள் அயலில் வாழ்ந்தவர்கள் அவர்கள். எங்களுள் சிலர் அழுதார்கள். பலர் அஞ்சி மௌனமாயிருந்தார்கள். அச்சத்தினால் வந்த மௌனத்தைத் தேவன் இரக்கத்தோடு பார்ப்பார். ஆனால் அச்சம் நீங்கிய பின்னும் தொடரும் மௌனத்துக்கு என்ன சாட்டுச் சொல்வோம்? எங்களுக்கு இழைக்கப்பட்டதைப் பேச எங்களுக்கு முழு உரிமை உண்டு. எங்களுடைய பீடத்தின் முன்னும் வைத்துவிட்டுப் போக வேண்டிய காணிக்கை ஒன்று உண்டு என்பதையும் மறவாதிருப்போம்.

7. மன்னித்தவர் செய்ததும் செய்யாததும்

லோமக்ஸிடமிருந்து நாம் படிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, அவர் மறக்கவில்லை. மறந்தால்தான் மன்னிப்பு என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. உயிர்த்த ஆண்டவரின் திருவுடலில் காயங்கள் இருந்தன. அவற்றைத் தோமையாருக்குக் காட்டினார். வலி போனது, வடு இருந்தது.

இரண்டாவது, அவர் தன்னுடைய பெயரில் மாத்திரம் மன்னித்தார். அன்றிரவு அடியுண்டு மாண்ட இருவருக்காகவோ, 12,000 பேருக்காகவோ பேச அவருக்கு அதிகாரம் இல்லை. மற்றக் கைதிகளில் பலர் கடைசிவரை மன்னிக்கவில்லை. அவர்களை நியாயந்தீர்க்க நமக்கும் அதிகாரம் இல்லை. இறந்தவர்களின் மன்னிப்பை உயிரோடிருப்பவர் விலைபேச முடியாது.

மூன்றாவது, அவர் காலம் எடுத்தார், சோதித்துப் பார்த்தார். பழைய ஏற்பாட்டு யோசேப்பும் அப்படியே செய்தார். தன்னை விற்ற சகோதரர் தானியம் வாங்க எகிப்துக்கு வந்தபோது, உடனே கட்டித் தழுவவில்லை. பென்யமீனை விட்டுவிட்டுப் போகிறார்களா என்று பார்த்தார். தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாகிறேன் என்று யூதா முன்வந்த பின்தான் யோசேப்பு வாய்விட்டு அழுது தன்னை வெளிப்படுத்தினார். ஒரு காலத்தில் தம்பியை விற்றவன், இப்போது தம்பிக்காகத் தன்னைக் கொடுக்கிறான். மனந்திரும்புதலுக்கு அதைவிட அத்தாட்சி வேறென்ன?

மன்னிப்பு நீதிக்குப் பதிலாகாது என்பதும் திருச்சபையின் போதனை. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1980இல் தேவ இரக்கத்தைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், தீமையைச் சீர்செய்வதும் நட்டத்தை ஈடுசெய்வதும் மன்னிப்பினால் இல்லாமற் போவதில்லை என்று போதித்தார். 1981இல் தம்மைச் சுட்டவனை அவர் உடனே மன்னித்தார். 1983இல் சிறைக்கூடத்துக்கே சென்று பக்கத்தில் அமர்ந்து பேசினார். ஆனால் சிறைக்கதவு அன்று திறக்கப்படவில்லை. மன்னிப்பும் தீர்ப்பும் ஒரே அறையில் இருந்தன.

8. ஒருவரும் வராதபோது

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம்.

மரணப் பாதையில் மாண்ட நம் தமிழ்த் தொழிலாளரை நினைத்துப் பாருங்கள். கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறை உண்டு. அவர்களில் பலருக்குப் பெயர் எழுதிய கல்லே இல்லை. மலாயாத் தோட்டங்களில் எத்தனை பெண்கள் வாசலைப் பார்த்தபடி கிழவிகளாகி இறந்தார்கள்! அவர்களிடம் எந்த நகசேயும் வந்து குனிந்து நிற்கவில்லை. லோமக்ஸுக்குக் கிடைத்த ஆறுதல் உலகில் மிகச் சிலருக்கே கிடைக்கிறது. ஆகவே லோமக்ஸைக் காட்டி, "நீங்களும் அப்படி மன்னியுங்கள்" என்று மற்றவர்களிடம் கேட்பது நியாயமாகாது. நான் அன்று அந்தத் தியானத்தில் செய்த பிழை அதுதான். எழுந்து போக வேண்டியவனைப் பார்த்துப் பேச வேண்டிய பிரசங்கத்தை, காயப்பட்டவரைப் பார்த்துப் பேசினேன்.

அம்மா, உங்களிடம் ஒருவரும் வந்து கேட்கவில்லை என்பது உங்கள் குற்றமல்ல. ஒப்புரவுக்கு இரண்டு பேர் வேண்டும். மற்றவர் வராதபோது ஒப்புரவு நடக்கவில்லை என்று தேவன் உங்களிடம் கணக்குக் கேட்கமாட்டார். சிலுவையில் தொங்கிய ஆண்டவரிடமும் அவரைக் கொன்றவர்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் அவர்களைத் தம் பிதாவிடம் ஒப்படைத்து வேண்டினார். அதை நீங்களும் செய்யலாம். "என்னால் இன்னும் ஏலாது ஆண்டவரே, நீர் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்வதும் செபம்தான்.

தேவன் உங்களிடம் கேட்பது இவ்வளவே என்று நினைக்கிறேன். பகையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுக்க வேண்டாம். படலையைப் பூட்டாமல் வைத்திருங்கள். ஊதாரி மகனின் தகப்பன் வீதிக்குப் போய் மகனை இழுத்து வரவில்லை, ஆனால் படலையைப் பூட்டவும் இல்லை. என்றோ ஒரு நாள், ஐம்பது வருடம் கழித்தாவது, நடுங்கிக்கொண்டு ஒருவர் வந்தால், அவர் உள்ளே வர வழியிருக்கட்டும். அதுவரை, "என் மகன் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருங்கள். அந்தக் கேள்வி பகையல்ல. அது அன்பும் உண்மையும். அதைக் கேட்பதை நிறுத்தும்படி உங்களிடம் சொல்ல எந்தச் சுவாமிக்கும் உரிமை இல்லை.

தீங்கு செய்த கரங்களுக்கு உரியவர்களே, நீங்கள் எந்தப் பக்கத்தில் நின்றவர்களாயினும், இதை வாசித்தால் ஒன்று சொல்கிறேன். உங்களுக்கும் வயது போகிறது. நகசேக்கு அந்தக் கைதி உயிரோடிருந்தார். எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. உங்களுக்குத் தெரிந்த உண்மையைக் கல்லறைக்குக் கொண்டு போகாதீர்கள். அந்தத் தாய்மார் இருக்கும்போதே எழுந்து வாருங்கள்.

குடும்பத்தில் கலந்துரையாட

1. எங்கள் வீட்டாரோடு அல்லது அயலாரோடு நாங்கள் பேசாமல் இருப்பது யாருடன்? முதலில் எழுந்து போக வேண்டியவர்கள் நாங்களா, அவர்களா?

2. பிறருடைய பாவத்தில் பங்குகொள்ளும் ஒன்பது வழிகளில் எது எங்கள் குடும்பத்தில் இலகுவாக நுழைகிறது?

3. யுத்தகாலத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நாங்கள் என்ன சொல்லிக் கொடுக்கிறோம்? உண்மையையா, உண்மையோடு பகையையுமா?

4. இந்தத் தவக்காலத்தில் யாருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்?

செபம்

ஆண்டவரே, நாங்கள் காயப்படுத்தியவர்களை எங்கள் நினைவுக்குக் கொண்டுவாரும். அவர்களிடம் போகக் கால்களுக்குப் பலம் தாரும். எங்களைக் காயப்படுத்தியவர்களை உமது கையில் வைக்கிறோம். உண்மையைச் சொல்லும் நாவையும், கேட்கும் செவியையும், பூட்டாத படலையையும் எங்கள் வீடுகளுக்குத் தாரும். பெயரில்லாமல் புதைக்கப்பட்ட அனைவருடைய பெயர்களையும் அறிந்த தேவனே, அவர்களுக்கு நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும். ஆமென்.